சிவப்புப் பூப் பெடியள்

பெடியளைத் திருத்துவது தனஞ்சயனின் வேலை. அவர்கள் உண்மையாகவே திருந்தினார்களா என்று பார்ப்பது அவனுடைய பெண்சாதி தயாளினியின் வேலை. இப்படியொரு பொருத்தத்தை எந்தச் சாத்திரியாரும் பார்த்துச் சேர்த்திருக்க மாட்டார். அது தானாக அமைந்தது.

கொழும்பிலிருந்த ஓர் ஆய்வுக் குழு தயாளினியை வேலைக்கு எடுத்தது. திருகோணமலையிலிருந்த ஒரு தொண்டு நிறுவனம் தனஞ்சயனை எடுத்தது. இரண்டு பேரும் புருஷன் பெண்சாதியா என்று கொழும்பில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இவர்களும் இருந்துவிட்டார்கள். உள்ளூரில் கேட்கவேண்டிய தேவையே இல்லை. காலையில் ஒரே மோட்டார் சைக்கிளில் உவர்மலையிலிருந்து இறங்கிப் போகிற இரண்டு பேரைப் பார்த்து, நீங்கள் ஆருக்கு ஆர் என்று கேட்கிற விசரன் இந்த ஊரில் இல்லை.

விஷயம் இதுதான். சின்னச் சின்னக் களவெடுத்துப் பொலிசில் பிடிபடுகிற இளம் பெடியள் இருக்கிறார்கள். அவர்களை உடனே நீதவான் கோட்டுக்கு அனுப்பாமல், ஒரு மண்டபத்தில் வட்டமாக இருத்தி, எவருடைய பொருளை எடுத்தார்களோ அவரையே கூப்பிட்டு முன்னால் இருத்தி, மன்னிப்புக் கேட்கவைத்து, உடைத்ததைத் திருத்திக் கொடுக்கவைத்தால் என்ன? அதற்கு அரசாங்கக் கடுதாசியில் இளையோர் மாற்றுவழித் திட்டம் என்று பெயர். பின்னேரம் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுப்பதால் ஊரில் அதற்குப் பெயர் பிஸ்கட் வகுப்பு. தனஞ்சயன் அந்த வகுப்பின் பொறுப்பாளர்.

அந்த வகுப்பால் பிரயோசனம் உண்டா என்பதுதான் கேள்வி. நல்ல பெடியளாகப் பார்த்து வகுப்பில் சேர்த்துவிட்டு, பிறகு எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று மார்தட்ட எவனாலும் முடியும். ஆகவே பிடிபடுகிறவர்களில் பாதிப் பேர் வகுப்புக்குப் போகவேண்டும், மற்றப் பாதி வழமைபோலக் கோட்டுக்குப் போகவேண்டும். எவன் எந்தப் பக்கம் என்பதை ஆள் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது, குலுக்கல் தீர்மானிக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து எந்தப் பக்கத்தில் திரும்பக் களவு குறைந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். வகுப்புப் பக்கம் நல்லாக இருந்தால் திட்டம் மாவட்டம் முழுக்கப் போகும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். மூடினால் தனஞ்சயன் திரும்பவும் கட்டாருக்கு வேலைக்குப் போவான்.

அந்தக் கடைசி வசனம்தான் தயாளினிக்கு நெஞ்சில் கிடந்தது. கலியாணம் கட்டிக் கொஞ்சக் காலத்தில் கட்டாருக்குப் போனவன் தனஞ்சயன். மகள் நிவேதிகா பிறந்ததை அவன் போனில்தான் பார்த்தான். எல்லாம் விட்டுவிட்டு வந்து வாசலில் பெட்டியோடு நின்றபோது, பிள்ளை அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, ஒரு மாமா வந்திருக்கிறார்" என்றாள். தனஞ்சயன் சிரித்தான். சிரித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினான். இப்போது அந்தப் பிள்ளை அப்பாவின் நெஞ்சில் படுத்தால்தான் நித்திரை கொள்ளும். ஆனால் அந்த "மாமா" தயாளினியின் காதை விட்டுப் போகவேயில்லை.

சரி, ஆய்வுக்கு எடுத்த ஊர் புளியடித்துறை. சாம்பல்தீவுப் பக்கம், கடலோரம், ஒரு கூப்பிடு தூரத்துக்குள் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். முதல் கூட்டத்துக்குத் தயாளினி கொழும்பிலிருந்து வந்த ஒட்டிய உறைகளைக் கொண்டுபோனாள். ஒவ்வொரு உறைக்குள்ளும் வகுப்பா கோட்டா என்று கம்பியூட்டர் தீர்மானித்து வைத்திருந்தது. மாதர் சங்கத் தலைவி சீதேவி எழும்பினாள். சீதேவி எழும்பினால் அந்த ஊரில் மற்றவர்கள் இருந்துவிடுவார்கள்.

"பிள்ளை, கொழும்பில ஒட்டின என்வலப்பை நாங்கள் எப்பிடி நம்புறது? உள்ளுக்க என்ன கிடக்கெண்டு ஒட்டினவனுக்குத் தெரியும்தானே?"

"ஆள் ஒட்டேல்லை அக்கா. கம்பியூட்டர்தான் பிரிச்சது."

"ஏன், கம்பியூட்டருக்கு மாமன் மச்சான் இல்லையோ?"

கூட்டம் சிரித்தது. தயாளினி நிகழ்தகவைப் பற்றி விளங்கப்படுத்தினாள். நாணயத்தைச் சுண்டிக் காட்டினாள். நாணயம் கதிரைக்குக் கீழே உருண்டு போனதுதான் மிச்சம். ஒரு தாயும் சம்மதக் கடுதாசியில் கையெழுத்து வைக்கவில்லை. கடைசியில் சீதேவியே வழி சொன்னாள்.

"எங்கட பெடியளின்ர காரியத்தை வைரவர் சொல்லட்டும். பூக்கட்டிப் பாப்பம்."

கரையில் ஒரு சின்ன வைரவர் கோயில் இருந்தது. தகரக் கூரை, உள்ளே ஒரு சூலம், வாசலில் வைரவரின் வாகனம்போல எப்போதும் படுத்திருக்கும் ஒரு நாய். கலியாணம் பேசலாமா, புதுப் படகு வாங்கலாமா என்று மனம் அந்தரப்படுகிற நேரத்தில் அந்த ஊரார் ஒரு சிவப்புப் பூவையும் ஒரு வெள்ளைப் பூவையும் தனித்தனியே இலையில் சுற்றிச் சூலத்தடியில் வைப்பார்கள். கும்பிட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

தயாளினி யோசித்துப் பார்த்தாள். இரண்டு பொட்டலம், ஒரே பூவரசம் இலை, ஒரே அளவு, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறது. கம்பியூட்டர் மட்டும் இதைவிட என்ன பெரிதாகக் கிழித்தது? வாய்ப்பு சரிபாதி. அவளுடைய படிப்பு அதுவரைக்கும் சரியாகத்தான் சொன்னது. "சரி அக்கா" என்றாள். கொழும்புக்கு இதை அறிவிக்கவில்லை. இதைப் போய் என்னவென்று எழுதுவது?

வெள்ளை என்றால் வகுப்பு, சிவப்பு என்றால் கோட்டு. தாய்மார்தான் எடுப்பதென்று முடிவானது. அவ்வளவுதான், ஊர் முழுக்கத் தயாளினிக்கு உறவாகிவிட்டது. ஒருத்தி கறுத்தக் கொழும்பான் மாம்பழம் கொண்டுவந்தாள். இன்னொருத்தி நண்டுக் குழம்பை மூடிச் சட்டியோடு அனுப்பினாள். அதைத் திருப்பி அனுப்பிய வேதனை தயாளினிக்குத்தான் தெரியும். சீதேவி வெறுங்கையோடுதான் வந்தாள், ஆனால் ஒரு யோசனையோடு வந்தாள்.

"பிள்ளை, வெள்ளைப் பொட்டலத்தைக் கொஞ்சம் பெரிசாச் சுத்தினா ஆருக்குத் தெரியப் போகுது?"

"வைரவருக்குத் தெரியும் அக்கா."

சீதேவி சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு திரும்பிப் போனாள். வைரவரை இழுத்துவிட்டவளே அவள்தானே.

ஒரு தாய் எடுத்துப் பிரித்ததும், மற்றப் பொட்டலத்தையும் தயாளினி எல்லாருக்கும் முன்னால் பிரித்துக் காட்டினாள். கள்ளம் இல்லை, உள்ளே மற்ற நிறம்தான் இருந்தது என்று ஊர் கண்ணால் காணவேண்டும். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது, மறைப்பானேன். சீதேவி தன் மகன் நிருபனுக்காக எடுத்தாள். நிருபன் கரையில் கட்டியிருக்கும் படகுகளின் தாங்கிகளிலிருந்து குழாய் வைத்து மண்ணெண்ணெய் உறிஞ்சி விற்பதில் ஊரிலேயே கெட்டிக்காரன். பெற்றவளின் கையில் வந்தது செக்கச் சிவந்த செவ்வரத்தை. சீதேவி பூவைப் பார்த்தாள், சூலத்தைப் பார்த்தாள், தயாளினியையும் ஒரு பார்வை பார்த்தாள். மகனின் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மாதங்கள் போயின. வெள்ளைப் பூப் பெடியள் மண்டபத்தில் வட்டமாக இருந்து அழுதார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், உடைத்த வேலியைக் கட்டிக் கொடுத்தார்கள். சிவப்புப் பூப் பெடியள் கோட்டுக்குப் போய் எச்சரிக்கை வாங்கிக்கொண்டு வந்து ஊரில் திரிந்தார்கள். தயாளினி அடிக்கடி பொலிசுக்குப் போய் ஆர் திரும்பப் பிடிபட்டான் என்று விசாரித்தாள். அங்கிருந்த பொலிஸ் சாஜன் ஜெமீல் அவளைக் கண்டதும் பெருமூச்சு விட ஆரம்பித்தார்.

"மிஸ், உங்கட ஆராய்ச்சியால எனக்கு வேலையில்லாமப் போச்சு. ஒரு தேங்காய்க் களவுகூட இல்ல. மேல இருந்து கேக்கிறாங்க, நீ என்ன நித்திரையா எண்டு."

"வெள்ளைப் பூ... வகுப்புக்குப் போற பெடியள் திருந்தியிருப்பாங்கள் சேர்."

"அவங்கள விடுங்க. அதுல ஒருத்தன் ஆரோ ஒராள்ட ஓட்டோவ எடுத்துக்கொண்டு நிலாவெளி மட்டும் ஓடிப்போய் பிடிபட்டுட்டான். மத்தவங்கதான் தங்கம். கோட்டுக்குப் போனவங்க இரிக்காங்களே, றோட்டுல நடக்கிற நடையப் பார்த்தா பள்ளிவாசலுக்குப் போறவன் தோத்துப் போவான்."

தயாளினி தன் பதிவுகளைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். வகுப்புக்குப் போகாத பக்கம், போன பக்கத்தைவிட ஒரு படி மேலே நிற்கிறது! இப்படியே வருஷம் முடிந்தால் பிஸ்கட் வகுப்பால் ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை என்று அவளே தன் கையால் எழுதவேண்டி வரும்.

அவள் நேரே கரைக்குப் போனாள். நிருபன் ஒரு படகின் விளிம்பில் குந்தியிருந்து வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வைரவர் கோயில் நாய், ஒரு காது மடிந்த செம்மண் நிறத்து நாய், அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நிருபன், நீ இப்ப மண்ணெண்ணெய் எடுக்கிறேல்லையோ?"

கேட்ட பிறகுதான், இது ஓர் ஆய்வாளர் கேட்கிற கேள்வியா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"எடுக்கத்தான் பாத்தனான் மிஸ். இது விடேல்லை." நிருபன் நாயைக் காட்டினான். "பூ எடுத்த கையோட எங்களுக்குப் பின்னால வரத் துவங்கினது. வெள்ளைப் பூக்காரரை வைரவர் வகுப்புச் சேரிட்ட ஒப்படைச்சிட்டார். எங்களை ஒருத்தரிட்டயும் குடுக்கேல்லை. தானே பாக்கிறார்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லோணும்? ஒருநாள் விடியப்புறம் இராசதுரை அண்ணையின்ர படகில குழாயை வச்சு உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தனான். முன்னால இது இருக்கு. குலைக்கேல்லை மிஸ். குலைச்சிருந்தாப் பரவாயில்லை. சும்மா பாத்துக்கொண்டு இருந்துது. நான் பயத்தில வாயில இருந்ததை விழுங்கிட்டன். பிறகு கொஞ்ச நாளா சாப்பிட்டு ஏவறை விட்டாலும் மண்ணெண்ணெய் மணம்தான். அம்மா என்னை அடுப்படிக்கே விடேல்லை."

தயாளினி அப்படியே மணலில் இருந்துவிட்டாள். மூளையுள்ள ஒருத்தி செய்கிற வேலையா இது? வாய்ப்பு சரிபாதி என்று கணக்குப் பார்த்தாளே தவிர, வைரவர் கொடுத்ததை இந்த ஊர் வாய்ப்பு என்று நினைக்காது என்பதை அவள் யோசிக்கவேயில்லை. அவளுக்கு அது குலுக்கல். அவர்களுக்கு அது தீர்ப்பு. ஒன்றும் கொடுக்காமல் விடவேண்டிய பக்கத்துக்கு, சூலத்தோடும் நாயோடும் ஒரு தெய்வத்தையே காவலுக்குக் கொடுத்திருக்கிறாள்.

அன்று வீட்டில் தனஞ்சயன் குசினியில் கணவாய்க் கறி பிரட்டிக்கொண்டிருந்தான். நல்ல சந்தோஷத்தில் இருந்தான். ஓட்டோ எடுத்த பெடியன் அதன் சொந்தக்காரரின் காலில் விழுந்த கதையைச் சொன்னான். சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கியது.

"இஞ்சேரும், ஒரு சொல்லு மட்டும் சொல்லும். ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இருக்குத்தானே?"

"ஆய்வு முடியாமச் சொல்ல ஏலாது."

"சொல்ல வேண்டாம். தலையை மட்டும் ஆட்டும்."

"தலையும் ஆட்ட ஏலாது. கறி அடிப்பிடிக்குது, பாருங்கோ."

"ஏஜென்சிக்காரன் இண்டைக்கும் போன் எடுத்தவன். கட்டாருக்கு ஆள் எடுக்கிறாங்களாம். நான் வரமாட்டன், எனக்கு இஞ்ச வேலை நிலைக்கப் போகுது எண்டு சொல்லிப்போட்டன்."

தயாளினி கழுவி வைத்த கோப்பைகளை எடுத்துத் திரும்பக் கழுவினாள்.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து கலாநிதி பஹ்மியா வந்தார். ஆய்வுக்குத் தலைவி அவர்தான். இதே மாவட்டத்து மூதூரில் பிறந்து வளர்ந்து, படித்துக் கொழும்பில் பெரிய ஆளானவர். முன்னறிவிப்பு இல்லாமல் வருவது அவருடைய வழக்கம். வாகனத்தில் புளியடித்துறைக்குப் போகிற வழியில் தயாளினி தானாகவே பூக்கட்டியதையும் நாயையும் பற்றிச் சொல்லிவிட்டாள். சொல்லாமல் விட்டால் வகுப்பு வீண் என்ற பொய் நிலைத்துவிடும். சொன்னால் ஆய்வே பழுது என்று தூக்கிப் போடுவார்கள். இரண்டிலும் தனஞ்சயனுக்குக் கட்டார் விமானம்தான். அப்படியென்றால் உண்மையையே சொல்லித் தொலைப்போம் என்று அவள் துணிந்துவிட்டாள்.

பஹ்மியா கையிலிருந்த கடுதாசியை மடித்து வைத்தார்.

"பூவா?"

"ஓம் மிஸ். பூ."

"இலை?"

"ஒரே மரத்து இலை மிஸ். ஒரே அளவு."

"அப்ப குலுக்கல்ல பிழை இல்ல. ஆனா தயாளினி, மருந்து குடுக்காத பக்கத்துக்கு நீங்க கடவுளைக் குடுத்திருக்கிறீங்க. அதை நான் எந்தக் கட்டத்துக்குள்ள எழுதுறது? சரி, முதல்ல எனக்கு அந்த நாயைக் காட்டுங்க."

கோயிலடியில் நாய் இல்லை. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த சீதேவியிடம் கேட்டார்கள். "இந்த நேரம் அது பிஸ்கட் வகுப்படியில எல்லோ நிக்கும்" என்றாள் சீதேவி, சூரியன் கிழக்கில் உதிக்கும் என்று சொல்வதைப்போல. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மண்டபத்துக்குப் போனார்கள். உள்ளே வெள்ளைப் பூப் பெடியள் வட்டமாக இருந்தார்கள். வெளியே, யன்னலுக்குக் கீழே, பூவரச மர நிழலில் சிவப்புப் பூப் பெடியள் இன்னொரு வட்டமாக இருந்தார்கள். எல்லார் கையிலும் தேத்தண்ணி, எல்லார் மடியிலும் பிஸ்கட். தனஞ்சயன் வாசற்படியில் நின்று, உள்ளே ஒரு முறையும் வெளியே ஒரு முறையும் திரும்பித் திரும்பிக் கதைத்துக்கொண்டிருந்தான். நிருபன் ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பாதியை நாய்க்குப் போட்டான், மீதியைக் காற்சட்டைப் பையில் வைத்தான். நாயின் கண் அந்தப் பையை விட்டு அசையவில்லை.

தயாளினிக்கு அப்போதுதான் விஷயம் வெளித்தது. வைரவரின் காவலாம்! காற்சட்டைப் பைக்குள் பிஸ்கட் இருந்தால் நாய் பின்னால் வராமல் என்ன செய்யும்? உள்ளே இருக்கிற வெள்ளைப் பூக்காரர் கிடைத்ததை அங்கேயே விழுங்கிவிடுவார்கள். வெளியே இருக்கிறவர்கள்தான் நாளைக்கும் கிடைக்குமோ என்று மிச்சம் பிடிக்கிறவர்கள்.

தனஞ்சயன் தலையைத் தூக்கினான். பெண்சாதியையும் பக்கத்தில் ஒரு புது மனுசியையும் கண்டான். முகம் வெளிறிவிட்டது.

"இஞ்சேரும்! கோவிக்காதேயும், நான் சொல்லுறதை முதல்ல கேளும்!"

பஹ்மியா அவனைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தயாளினியின் பக்கம் திரும்பினார். இந்த மாவட்டத்தில் பிறந்த எவருக்கும், ஓர் ஆம்பிளை எந்தப் பொம்பிளையை "இஞ்சேரும்" என்று கூப்பிடுவான் என்று சொல்லித் தரத் தேவையில்லை.

"உங்கட மாப்பிள்ளையா?" என்றார்.

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை மிஸ்" என்றாள் தயாளினி. அது பதிலாக இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது.

தனஞ்சயன் இறங்கி வந்தான். "மிஸ், இவவுக்கு ஒண்டும் தெரியாது. தேத்தண்ணி நேரத்தில வாசல்ல வந்து நிக்கிறாங்கள். ஆரெண்டு பாத்தா உள்ளுக்க இருக்கிறவனின்ர தம்பி, மச்சான், ஒண்டாப் படிச்சவன். நீ சிவப்புப் பூ, அங்கால போ எண்டு ஒரு தேத்தண்ணி குடுக்காமத் துரத்த எனக்கு வாய் வரேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பிப் போறாங்களோ? இருந்து கேக்கிறாங்கள். கேக்காதேங்கோ எண்டு காதைப் பொத்தவோ?"

"எப்ப துவங்கினது?" தயாளினியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"வகுப்புத் துவங்கின முதல் நாளே."

"சிவப்புப் பெடியளும் திருந்தினா வித்தியாசம் தெரியாது எண்டு தெரியுமோ? வித்தியாசம் தெரியாட்டி வகுப்பை மூடுவாங்கள் எண்டு தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"பின்னை என்ன செய்யிறது தயா? வாசல்ல எல்லோ வந்து நிண்டவங்கள்."

அவளுக்குப் பொல்லாத கோபம் வந்தது. தனக்குக் குழி தோண்டி, அதற்குள் தானே இறங்கி, வந்தவர்களுக்கு அதற்குள்ளிருந்து தேத்தண்ணியும் நீட்டுகிற மனுசனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது! அந்தக் கோபத்துக்குள்ளேயே, இவனைப்போல ஒருத்தன் உலகத்தில் இல்லை என்றும் இருந்தது. அவள் கீழே கிடந்த வெறும் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கி அடுக்கினாள்.

பஹ்மியா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "எனக்கும் ஒரு தேத்தண்ணி தாங்க" என்றார். பாதி குடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சிவப்புப் பெடியளும் என்ன ஏதென்று தெரியாமல் கூடச் சிரித்தார்கள்.

"வைரவர் எவ்வளவு, வகுப்பு எவ்வளவு, பிஸ்கட் எவ்வளவு எண்டு இனி அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்றார் சிரிப்பு அடங்கியபின். "இந்த ஆய்வு போச்சு. ஒரே ஊருக்குள்ள ஒருத்தனுக்குக் குடுத்து மத்தவனுக்குக் குடுக்காம விட ஏலாதெண்டு எனக்கு முதலே தெரிஞ்சிருக்கணும். நானும் இந்தத் தண்ணி குடிச்சு வளந்தவதானே. புதுசாத் துவங்குவம். புளியடித்துறையில எல்லாருக்கும் வகுப்பு. குச்சவெளிப் பக்கம் இதே மாதிரி ஒரு ஊரை எடுத்து, அங்க ஒண்டும் குடுக்காம இப்போதைக்குப் பாப்பம். ஊரையும் ஊரையும்தான் ஒப்பிடணும். அதுக்குக் காசு எடுக்கிறது என்ட பொறுப்பு."

தயாளினிக்கு மூச்சு வந்தது. ஆனால் பஹ்மியா முடிக்கவில்லை.

"ஒண்டு. மாப்பிள்ளை செய்யிறதப் பொஞ்சாதி அளக்க ஏலாது. ரெண்டு பேருல ஒராள் விலகணும். ஆரெண்டு நாளைக்குக் காலமைக்குள்ள சொல்லுங்க."

வீட்டுக்குப் போகிற வழி முழுக்க மோட்டார் சைக்கிளில் சண்டை. சண்டை என்றால் எனக்கு உனக்கு என்ற சண்டை இல்லை. நான் விலகுகிறேன், இல்லை நான்தான் விலகுகிறேன் என்ற சண்டை. சந்தியில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உமக்குப் படிச்ச வேலை. ஆசைப்பட்டு எடுத்த வேலை. விட்டா உதுமாதிரி இந்த ஊரில திரும்பக் கிடையாது. எனக்கெண்டாக் கட்டார் கிடக்கு."

"கட்டார் எண்ட சொல்லு இன்னொருக்கா வாயில வந்தா நான் இதில குதிச்சிடுவன்."

"அப்ப எப்பிடித் தீர்க்கிறது?"

மோட்டார் சைக்கிள் உவர்மலை ஏற்றத்தில் ஏறியது. பிறகு தனஞ்சயனே சொன்னான். "பூக்கட்டிப் பாப்பம். வெள்ளை வந்தா நான் வகுப்பில நிக்கிறன். சிவப்பு வந்தா நான் போறன். அதுக்குப் பிறகு நீரும் கதைக்கக் கூடாது, நானும் கதைக்கமாட்டன்."

"சரி" என்றாள் தயாளினி. கொஞ்சம் கெதியாகவே சொல்லிவிட்டாள்.

விடிந்ததும் புளியடித்துறைக்கு வந்தார்கள். தனஞ்சயன் கடலில் கால் கழுவப் போனான். தயாளினி கோயில் வேலியடியில் பூப் பறித்தாள், பூவரசம் இலையில் சுற்றினாள். ஒரே மரத்து இலை, ஒரே அளவு. அதில் அவள் கெட்டிக்காரி. சூலத்தடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். தனஞ்சயன் கண்ணை மூடிக் கும்பிட்டான். நெடுநேரம் கும்பிட்டான். அவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். பிறகு கையை நீட்டி ஒன்றை எடுத்துப் பிரித்தான்.

வெள்ளை. பனியோடு ஒரு நந்தியாவட்டை.

அவனுடைய முகம் விரிந்தது. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல அவளைப் பார்த்தான்.

"மற்றதையும் பிரிச்சுக் காட்டும். எல்லாத் தாய்மாருக்கும் பிரிச்சுக் காட்டின ஆள் நீர்."

தயாளினி அதற்குள் மற்றப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"காட்டத் தேவையில்லை."

"தயா, வைரவர் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறார்."

"பாக்கட்டும். அவருக்கு ஒரு பெண்சாதி பிள்ளை இருந்திருந்தா விளங்கியிருக்கும்."

தனஞ்சயன் அவளுடைய பொத்திய கையைப் பார்த்தான். வேலியடியில் செவ்வரத்தை முழுக்கப் பூத்து, ஒன்றுகூடப் பறிபடாமல் நின்றதையும் பார்த்தான். வெள்ளைப் பூவைச் சேட்டுப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, வகுப்பு மண்டபத்தைத் திறக்கப் போனான். போகும்போது அவன் முதுகு குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவள் கேட்கப் போகவில்லை.

தயாளினி பஹ்மியாவுக்குப் போன் எடுத்து, தான் விலகுவதாகச் சொன்னாள். சொல்லி முடிந்ததும் கொஞ்சம் அழுதாள். அந்த வேலையை அவள் உண்மையாகவே விரும்பியிருந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ் எடுக்க றோட்டுப் பக்கம் நடந்தாள். பக்கத்து வீட்டில் விட்டுவந்த நிவேதிகாவைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்த வேண்டும்.

பின்னால் ஏதோ நடக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஒரு காது மடிந்த செம்மண் நிறத்து நாய். அவள் நின்றாள், அதுவும் நின்றது. அவள் நடந்தாள், அதுவும் நடந்தது. தயாளினி கைப்பையைத் துழாவிப் பார்த்தாள். உள்ளே பிஸ்கட் இல்லை, சாப்பிடுகிற சாமான் ஒன்றுமே இல்லை. நாய் குலைக்கவில்லை. றோட்டில் குந்தியிருந்து அவளைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓம், செய்தனான்" என்றாள் தயாளினி அதைப் பார்த்து. "இனிச் செய்யமாட்டன். போ."

நாய் போகவில்லை. பஸ் வரும்வரைக்கும் கூடவே நின்றது.